நாளைய விலை யாருக்குத் தெரியும்?

நாளை நடக்கப் போவதை இன்றே அறிந்துவிட வேண்டும் என்னும் ஆசை மனிதனுடன் கூடப் பிறந்தது. வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கம் படிக்கும்போது, “இந்த வருஷம் மழை எத்தனை மரக்கால்?” என்று செவி சாய்க்காத குடியானவன் உண்டா? கிளி ஜோசியத்துக்கும் குறி சொல்வதற்கும் நம் நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அவற்றை நம்புகிறவர்களைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் விதை விதைக்கிறவனுக்கும் சரக்கு வாங்கி அடுக்குகிறவனுக்கும் நாளையைப் பற்றிய கவலை மெய்யான கவலை. ஜோசியம் பொய்யாகலாம், அந்தக் கவலை பொய்யன்று.

இந்தக் கவலைக்குச் சென்ற நூறு ஆண்டுகளில் ஒரு புதுப் பரிகாரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். எவரோ ஒரு மேதாவியைத் தேடிப் போகாமல், சாதாரண ஜனங்கள் பலரிடம் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கும் அறிவைத் திரட்டி, அதிலிருந்து வருங்காலத்தைக் கணிப்பதே அந்த முறை. அதற்காகவே ஏற்பட்ட ஏற்பாட்டைக் ‘கணிப்புச் சந்தை’ என்கிறார்கள். பெயர் புதியது. ஆயினும் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையிலுள்ள சமவெளியில் ஒரு நாள் சுற்றி வந்தால், இதன் வேர் நம் மண்ணிலேயே ஓடியிருப்பதைப் பார்க்கலாம்.

கோழி முந்தியா, விலை முந்தியா?

முதலில் முட்டையை எடுத்துக்கொள்வோம். முட்டை உண்ணாத நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நாம் தொடப் போவது அதன் விலையை மாத்திரமே!

1997 ஜனவரி முதல் தனி ஜில்லாவாக இயங்கி வரும் நாமக்கல்லிலிருந்து தினந்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் புறப்படுகின்றன. மலையாள நாட்டுக்கும், தமிழ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுக்கும், கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் அவை போகின்றன. இவ்வளவு பெரிய வியாபாரத்தில் பண்ணைக்காரருக்கு ஒரு தர்ம சங்கடம் உண்டு. இன்று ஒரு நாள் குஞ்சை வாங்கிப் பண்ணையில் விட்டால் அது முட்டையிடத் தொடங்குவதற்குப் பதினெட்டு, இருபது வாரங்கள் ஆகும். பிறகு ஓராண்டுக்கு மேல் இட்டுக்கொண்டிருக்கும். ஆகவே குஞ்சு வாங்குகிற அன்றே ஐந்து மாதத்துக்கு அப்பாலுள்ள முட்டை விலையை அவர் ஊகித்தாக வேண்டும். ஊகம் தவறினாலும் கோழி தீனியை நிறுத்தாது; முட்டை இடுவதையும் நிறுத்தாது. இட்ட முட்டையைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது.

விலையை நிர்ணயிக்கும் காரணங்களோ ஒன்றிரண்டல்ல. புரட்டாசி பிறந்தால் தமிழ் நாட்டில் பல வீடுகளில் முட்டை நுழையாது. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டுக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு மறுபடியும் அதே கதை. ஆனால் அதே காலத்தில் வட நாட்டில் குளிர் வந்து, அங்கே முட்டைக்குக் கிராக்கி ஏறும். கிறிஸ்துமஸ் கேக்குகளும் கொஞ்சம் கை கொடுக்கும். கோடை வெயிலில் கோழிகள் சாகும்; முட்டையும் குறையும். பள்ளிக்கூடம் மூடினால் சத்துணவு முட்டை நிற்கும். மக்காச் சோளமும் சோயாப் புண்ணாக்கும் விலை ஏறினால் தீனிச் செலவு கழுத்தை நெரிக்கும். 2021 ஜனவரியில் நடந்தது போலக் கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், எல்லையில் லாரி தயங்கும்.

இவை எல்லாவற்றையும் முழுமையாக அறிந்த மனிதர் ஒருவர் உண்டா? இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் நன்றாக அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். எந்தப் பண்ணை எத்தனை குஞ்சு வாங்கியது என்பது குஞ்சு பொரிப்பகத்தாருக்குத் தெரியும். சோளம் எப்பொழுது வரும் என்பதைத் தீனி வியாபாரி அறிவார். திருச்சூரில் கடைக்காரர் வேண்டாமென்று கை விரித்தாரா, இன்னும் நாலு அட்டி கேட்டாரா என்பதை லாரிக்காரர் முதலில் அறிவார். வெயிலில் எத்தனை கோழி செத்தது என்பது பண்ணையில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியும். அறிவு இருக்கிறது, அது நூறு தலைகளில் பிரிந்து கிடக்கிறது.

சிதறிய இந்த அறிவைப் பற்றிப் பிரீட்ரிக் ஹயெக் என்னும் பொருளாதார அறிஞர் 1945-இல் ஒரு பெயர் பெற்ற கட்டுரை எழுதினார். எங்கோ ஒரு சரக்கு ஏன் குறைந்தது என்று ஊரார் அனைவரும் அறிய வேண்டியதில்லை. விலை ஏறினாலே அவர்கள் சிக்கனமாகிவிடுவார்கள் என்று அவர் விளக்கினார். விலை என்பது பலருடைய அறிவைச் சுமந்து வரும் தந்திச் செய்தி என்பது அவர் கருத்து.

பிளிமத் நகரத்து மாடு

பலர் சேர்ந்து ஊகித்தால் ஊகம் சரியாக வருமா? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் இங்கிலாந்தின் பிரான்ஸிஸ் கால்டன். 1906-இல் பிளிமத் நகரத்தில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு கொழுத்த மாட்டைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தபின் இறைச்சி எத்தனை ராத்தல் நிற்கும் என்று போட்டி வைத்தார்கள். ஆறு பென்ஸ் கொடுத்துச் சீட்டு வாங்கி, தம் ஊகத்தை எழுதிப் போட வேண்டும். கசாப்புக்காரர்களும் குடியானவர்களும் எழுதினார்கள். மாட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் எழுதினார்கள்.

போட்டி முடிந்ததும் கால்டன் அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கினார். சாதாரண வாக்காளனின் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பரீட்சிப்பது அவர் நோக்கம். செல்லத் தக்க 787 சீட்டுகளையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நட்ட நடுவே நின்ற எண்ணைப் பார்த்தார். அது 1207 ராத்தல். மாட்டின் உண்மையான எடை 1198 ராத்தல்! பிசகு ஒன்பதே ராத்தல்; நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1907-இல் விஞ்ஞானப் பத்திரிகையில் இதை வெளியிட்டபோது, ஜனங்களின் தீர்ப்பு தாம் எதிர்பார்த்ததை விட நம்பத் தக்கது என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒருவர் கூடுதலாகச் சொல்வார். இன்னொருவர் குறைவாகச் சொல்வார். தவறுகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எஞ்சி நிற்பது அவரவரிடமிருந்த சிறு உண்மை. நேயர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டு மூடுங்கள். வீட்டிலுள்ளோரையும் அண்டை வீட்டாரையும், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல், எத்தனை என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். பிறகு நடு எண்ணைப் பாருங்கள். அந்த ‘காதில் விழாமல்’ என்பதை மறந்துவிடக் கூடாது. தாத்தா முதலில், “முந்நூறு இருக்கும்” என்று உரக்கச் சொல்லிவிட்டால், பேரன் பேத்திகள் அத்தனை பேரும் முந்நூற்றைச் சுற்றியே வருவார்கள். அப்புறம் இருபது பேரைக் கேட்டதும் ஒன்று, தாத்தாவை மட்டும் கேட்டதும் ஒன்று.

துண்டுக்குள் விரல்

இந்த இரகசியத்தின் அருமை நம் ஊர்ச் சந்தைக்குப் புதிதன்று. நாமக்கல்லை அடுத்த புதன்சந்தை போன்ற மாட்டுச் சந்தைகளில் தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொள்வார். அந்தத் துண்டுக்குள் விரல்கள் பேசும். சுற்றி நிற்பவர்கள் எத்தனை கூர்ந்து பார்த்தாலும் விலை தெரியாது. அடுத்துக் கேட்க வருகிறவர், முன்னவர் சொன்னதைக் கேட்டு மயங்காமல், மாட்டின் பல்லையும் சுழியையும் தாமே பார்த்து விலை சொல்ல வேண்டியதாகிறது.

சேலத்து ஜவ்வரிசியின் கதையும் அத்தகையதே. இரண்டாவது உலக யுத்தத்தினால் மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் சரக்கு வருவது நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தலையெடுத்தது. ஆலைகள் பெருகின. ஆனால் விலையைச் சொல்லும் அதிகாரம் வியாபாரிகள் கையிலேயே இருந்தது. 1981-இல் ஆலைக்காரர்கள் ‘சேகோசர்வ்’ என்று வழங்கும் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். சங்கத்துக்கு வரும் சரக்கின் மாதிரியைப் பார்த்து, வியாபாரிகள் தத்தம் விலையை இரகசிய டெண்டராகக் கொடுக்க வேண்டும். மகாராஷ்டிரத்திலும் வங்காளத்திலும் விரத நாட்களில் ஜவ்வரிசிக்கு எவ்வளவு தேவை இருக்கும் என்ற அவர்களுடைய ஊகம் முழுவதும் அந்தச் சீட்டில் அடங்கிவிடுகிறது. பக்கத்துக் கடைக்காரரோடு கலந்து பேசி விலையை அமுக்குவது முன்போல் சுலபமில்லை.

மேல் நாட்டுப் பரீட்சைகள்

அமெரிக்கர்கள் இந்த யோசனையை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். உலகத்துப் பெரிய பரிவர்த்தனைச் சந்தைகளில் ஒன்றான சிகாகோ சந்தையின் பூர்வீகம் என்ன தெரியுமா? 1898-இல் ஏற்பட்ட ‘வெண்ணெய், முட்டைச் சங்கம்’! சில மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய முட்டைக்கு இன்றே விலை பேசிக்கொள்வது அங்கே நடந்தது. சீனாவில் டாலியன் நகரத்துச் சந்தையில் 2013 முதல் முட்டைக்கு அத்தகைய முன்பேர வியாபாரம் நடக்கிறது. முன்பேர விலை என்பது வருங்காலத்தைப் பற்றிய பலருடைய ஊகம்தானே? ப்ளோரிடா மாகாணத்து ஆரஞ்சுச் சாற்றின் முன்பேர விலையை ஆராய்ந்த ரிச்சர்ட் ரோல் என்னும் பேராசிரியர், சர்க்கார் வானிலைக் கணிப்பில் நேரப் போகும் பிசகைக்கூட அந்த விலை ஓரளவு முன்கூட்டிக் காட்டியதை 1984-இல் எடுத்துச் சொன்னார். பனி விழுந்தால் மரம் கருகும். பணம் போட்டவர்கள் வானத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள்!

1988-இல் ஐயோவா சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் தேர்தல் முடிவுகளைக் கணிக்க ஒரு சிறு சந்தை தொடங்கினார்கள். ஒருவர் 500 டாலருக்கு மேல் போடக் கூடாது என்பது விதி. 1990-களில் ஹ்யூலட்-பாக்கர்டு கம்பெனியார், பிளாட் என்ற பேராசிரியரின் உதவியுடன், தம் சிப்பந்திகளில் சிலரை மட்டும் கூட்டி, அடுத்த மாதங்களில் எத்தனை சரக்கு விற்கும் என்று அவர்களுக்குள் ஒரு சந்தை நடத்தினார்கள். அதில் கிடைத்த எண் கம்பெனியின் அதிகார பூர்வமான மதிப்பை விடப் பெரும்பாலும் உண்மைக்கு நெருங்கியிருந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. மேலதிகாரி முன் நின்று, “ஐயா, விற்காது” என்று சொல்ல எவருக்கும் நா எழாது. பெயர் எழுதாத சீட்டுக்கு அந்தப் பயமில்லை.

கூகிள் கம்பெனி 2005-இல் தொடங்கிய உள்சந்தையிலோ வேறொரு பாடம் கிடைத்தது. அருகருகே உட்கார்ந்து வேலை செய்பவர்கள் ஒரே மாதிரி ஊகித்தார்கள். கம்பெனியின் பங்கு விலை ஏறிய நாட்களில் சிப்பந்திகள் எல்லாவற்றையும் நல்லதாகவே நினைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பேச்சும் சொந்த ஆசையும் சேர்ந்தால் ஆயிரம் பேரும் ஒரே ஆள்தான்.

கூட்டம் ஏமாறும் காலம்

‘ஊரோடு ஒத்து வாழ்’ என்பது வாழ்க்கைக்கு நல்ல உபதேசம். ஊகத்துக்கு அது விஷம். இதைக் கொங்கு நாடு விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

ஈமு என்ற ஆஸ்திரேலியப் பறவையை வளர்த்தால் மாதந்தோறும் நிச்சயமான வருமானம் என்று சொன்னதைக் கேட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முதலைக் கொட்டின. 2012-இல் அது சரிந்தது. இவ்வளவு புத்திசாலியான ஜனங்கள் எப்படி ஏமாந்தார்கள்? ஈமு இறைச்சிக்கு வாரச் சந்தையில் விலை கேட்டவர் எவருமில்லை. பத்து வியாபாரிகள் வந்து, “எனக்கு இது இந்த விலைக்குத்தான் கட்டும்” என்று சொல்லியிருந்தால் குட்டு அன்றே வெளிப்பட்டிருக்கும். பறவையை விற்றவர்களே அதற்கு விலையும் வைத்தார்கள். அண்டை வீட்டுக்காரர் சேர்ந்ததைப் பார்த்து இவர் சேர்ந்தார். இவரைப் பார்த்து அடுத்தவர் சேர்ந்தார். கூட்டம் இருந்தது, கூட்டறிவு இல்லை.

வதந்தியும் அப்படியே. 2020 தொடக்கத்தில் கோழியினால் கொரோனா பரவும் என்ற ஆதாரமற்ற பேச்சு கிளம்பி, நாமக்கல் முட்டை விலை மளமளவென்று சரிந்தது. எல்லோர் கைபேசியிலும் ஒரே பொய் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தால் தவறுகள் ஒன்றையொன்று தின்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

இதைவிட ஆழமான பள்ளம் ஒன்றுண்டு. முட்டை விலை ஏறியிருக்கும் போது எல்லாப் பண்ணைக்காரரும் குஞ்சு வாங்குகிறார்கள். ஐந்து மாதம் கழித்து அத்தனை கோழியும் ஒன்றாய் முட்டையிட, விலை விழுகிறது. நஷ்டப்பட்டவர்கள் கோழியைக் கழிக்கிறார்கள். சில மாதத்தில் மறுபடியும் விலை ஏறுகிறது. மரவள்ளி போடுகிறவர்களும் இதே செக்கைத்தான் சுற்றுகிறார்கள். ஜெர்மனியில் பன்றி விலை இவ்விதம் சுழல்வதை ஆர்தர் ஹானாவ் என்பவர் 1928-இலேயே கணக்கெடுத்துக் காட்டினார். இன்றைய விலையையே நாளைய விலை என்று எல்லோரும் எடுத்துக்கொள்வதால் வரும் துன்பம் இது. இதில் முதலில் மூழ்குவது கடன் வாங்கிக் கோழி வைத்த சிறு பண்ணைக்காரர்.

அறிவித்த விலையும் கிடைத்த விலையும்

முட்டை விவசாயிகள் சும்மா இருந்துவிடவில்லை. வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருந்த நிலையை மாற்ற, டாக்டர் பி. வி. ராவ் அவர்களின் முயற்சியால் 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. ‘என் முட்டை, என் விலை, என் வாழ்வு’ என்பது அவர்களுடைய முழக்கம். அது முதல் நாமக்கல் உள்பட ஒவ்வொரு மண்டலத்துக்கும் குழு விலையை அறிவித்து வருகிறது. உற்பத்தி செய்கிறவனே தன் பொருளுக்கு விலை சொல்ல வேண்டும் என்று எழுந்த அந்தத் தன்மானம் போற்றத் தக்கது.

ஆனால் குழு அறிவிப்பது சிபாரிசு விலை, சட்டம் அன்று. ஆகையால் நாமக்கல்லில் ‘மைனஸ்’ என்று ஒரு சொல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அறிவித்த விலையிலிருந்து வியாபாரி கழித்துக்கொண்டு கொடுக்கும் பைசாக்களுக்கு அந்தப் பெயர். விவசாயிகள் இதை அநியாயம் என்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. பெரிய பண்ணைக்குக் கழிவு குறைவாகவும் சிறிய பண்ணைக்கு அதிகமாகவும் விழுந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆயினும் அந்த மைனஸுக்குள் ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. அறிவித்த விலையைச் சரக்கு தாங்கவில்லை என்று சந்தை முணுமுணுக்கிறது. ஒரே எண், விவசாயியைக் காக்கும் வேலியாகவும் சந்தையின் ஜுரத்தை அளக்கும் கருவியாகவும் இருக்க முடியாது. நோயாளி சௌக்கியமாக இருக்க வேண்டுமென்ற ஆசையால் ஜுர மானியை அழுத்திப் பிடித்தால் ஜுரம் இறங்கிவிடுமா? வேலி வேண்டும், ஜுர மானியும் தனியாக வேண்டும்.

இது சூதாட்டம் அல்லவா?

‘கணிப்புச் சந்தை என்றால் பந்தயம்தானே?’ என்று நேயர்கள் கேட்கலாம். பணம் வைத்தால் பந்தயமாகிவிடும் என்பது வாஸ்தவம். கல்கத்தா பெரிய கடைத் தெருவில் ஒரு காலத்தில் மழை பெய்யுமா, பெய்யாதா என்று பந்தயம் கட்டிக் குடும்பங்கள் கெட்டதால், 1897-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. கைபேசியில், ‘நடக்கும், நடக்காது’ என்று பணம் கட்டும் விளையாட்டுகள் அண்மையில் பெருகி, 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடை செய்யப்பட்டன. தடை செய்தது நல்லதே. அவற்றில் பணம் கட்டிய பையன்களுக்கு அந்த விஷயத்தைப் பற்றித் தனி அறிவு எதுவும் கிடையாது. அறிவில்லாதவர்கள் பணத்தை அறிவுள்ளவர்களிடம் தோற்பதற்கு அங்கே வழி செய்திருந்தார்கள்.

கால்டனுக்கு வேண்டியிருந்தது ஆறு பென்ஸ் அன்று, 787 சீட்டுகள். நமக்கும் சீட்டு போதும்.

செய்யத் தக்கது

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் ஆகிய ஊர்களில் ஊருக்கு ஒரு பெட்டி வைக்கட்டும். மாதம் ஒரு முறை, பண்ணைக்காரரும் தீனி வியாபாரியும் குஞ்சு விற்பவரும் லாரிக்காரரும் முட்டை ஏஜெண்டும் தனித்தனியே ஒரு சீட்டு எழுதிப் போடட்டும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. அடுத்த மாதம் பண்ணையில் கையில் கிடைக்கும் விலை என்ன? ஐந்து மாதம் கழித்து என்ன? இந்த மாதம் உம்மைச் சுற்றியுள்ள பண்ணைகளில் குஞ்சு அதிகமாக இறங்குகிறதா, குறைவாகவா? மூன்றாவது கேள்விதான் செக்குச் சுற்றை நிறுத்தக் கூடிய கேள்வி. “எல்லோரும் குஞ்சு இறக்குகிறார்கள்” என்று முன்னதாகவே தெரிந்தால் சிலராவது கையை இழுத்துக்கொள்வார்கள் அல்லவா?

விடையைச் சராசரி போட வேண்டாம்; நடு எண்ணை எடுக்க வேண்டும். ஐந்து சீட்டில் நாலு ரூபாய் அறுபது, நாலு எண்பது, ஐந்து, ஐந்து பத்து, ஏழு ஐம்பது என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி ஐந்து ரூபாய் நாற்பது பைசா. ஒரே ஓர் ஆசைக்காரர் எல்லோரையும் மேலே இழுத்துவிட்டார்! நடு எண் ஐந்து ரூபாய். அவர் ஏழரைக்குப் பதில் எழுபது என்று எழுதினாலும் அது அசையாது. நடு எண்ணோடு, சீட்டுகள் எவ்வளவு தூரம் சிதறியிருக்கின்றன என்பதையும் கரும்பலகையில் எழுத வேண்டும். எல்லோரும் நெருங்கிச் சொன்னால் ஒரு தைரியம். ஆளுக்கொன்று சொன்னால், ‘கடன் வாங்காதே, பொறு’ என்று எச்சரிக்கை.

ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு இரகசிய எண் கொடுத்து, சொன்னதும் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். வருஷ முடிவில் நெருக்கமாகச் சொன்ன எண்ணுக்கு உரியவரை அழைத்து ஒரு சால்வை போர்த்தலாம். நம் ஜனங்கள் சால்வைக்காகவே உண்மையாக யோசிப்பார்கள்! இந்தக் கணக்கை வைத்திருக்க ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வகுப்பு போதும். வட்டிக் கணக்கையும் தொட்டித் தண்ணீர்க் கணக்கையும் போட்டு அலுத்த பிள்ளைகளுக்கு, தகப்பனார் பண்ணையின் எதிர்காலத்தைக் கணக்கிடுவது உற்சாகமாயிருக்காதா?

இதனால் மாத்திரம் விலை வீழ்ச்சி நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. சீட்டுப் பெட்டி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது; சோளத்தை மலிவாக்காது. பெரிய பண்ணைக்கு ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். நாலா திசையிலிருந்தும் அவர்களுக்குச் செய்தி வருகிறது. ஐயாயிரம் கோழி வைத்திருப்பவருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேச்சைத் தவிர வேறு செய்தி இல்லை. லாரிக்காரர் அறிந்ததும் தீனி வியாபாரி அறிந்ததும் மாதம் ஒரு முறை கரும்பலகையில் ஒரே எண்ணாக நின்றால், குஞ்சுக்கு முன்பணம் கட்டுமுன் அவரும் ஒரு நிமிஷம் அதன் எதிரே நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.